இறக்கத்துக்கு ஒரு நிறம்

வரைபடத்தைப் பார்த்ததும் சின்னவள் சிரித்துவிட்டாள். பெரியவளுக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"என்னடி சிரிப்பு?"

"நம்ம வீட்டைச் சுத்தி யாரோ தக்காளிக் கூடையைக் கவுத்துவிட்ட மாதிரி இருக்குக்கா."

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மாடியில் பெரியவளும் அவள் கணவரும், கீழே சின்னவள். ஊர் ஒரு குன்றின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்ததால், ஏறாமல் இறங்காமல் போகிற தெரு என்று அங்கே எதுவும் இல்லை. சில வருடங்களுக்கு முன்பு பேருந்து ஒன்று கவிழ்ந்ததில் சின்னவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். அச்சகங்களுக்குப் பிழை திருத்தித் தருவது அவள் தொழில். வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து செய்துவந்தாள்.

பெரியவள் வரைபடம் தயாரிக்கும் நிறுவனமொன்றில் வேலை பார்த்தாள். சக்கர நாற்காலியில் போகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், முட்டிவலிக்காரர்கள் எல்லோருக்கும் எந்தத் தெரு எவ்வளவு சரிவு என்று காட்டும் வழிப்படம் ஒன்று வேண்டும் என்று நகராட்சி கேட்டிருந்தது. போனில் திறந்து, போகிற இடத்தைச் சொன்னால், தெருக்கள் நிறம் நிறமாகத் தெரியவேண்டும். அந்த நிறங்களை முடிவு செய்வது பெரியவளின் பொறுப்பு.

அவள் எடுத்துக்கொண்ட கணக்கு எளிமையானது. நூறு மீட்டர் போவதற்குள் தெரு எத்தனை மீட்டர் உயருகிறதோ தாழுகிறதோ, அந்த எண்தான் சரிவு. மூன்றுவரை பச்சை, ஐந்துவரை மஞ்சள், அதற்கு மேலே போனால் சிவப்பு.

"இந்தத் தையல்கடைத் தெரு எதுக்கு சிவப்பு?" என்று சின்னவள் திரையில் விரலை வைத்தாள்.

"ஏழு இருக்குடி. நல்ல செங்குத்து."

"நான் வாராவாரம் அந்த வழியாத்தான் லைப்ரரிக்குப் போறேன்."

"டாக்சியிலதானே போற?"

"மழை பெஞ்சா டாக்சி. இல்லாட்டி என் கைதான்."

பெரியவள் போனைக் கீழே வைத்தாள். "எப்போலேருந்து?"

"ரொம்ப நாளா. சொன்னா நீ வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பன்னுதான் சொல்லல."

மாடிப்படியில் பாதிவரை இறங்கி வந்த பெரியவளின் கணவர், இருவர் முகத்தையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், வந்த வழியே மேலே ஏறிப் போய்விட்டார்.

"விழுந்து வச்சா யாருடி தூக்கறது?"

"விழறது நான்தானே? உனக்கென்ன? நீ சிவப்பு அடிச்சா அதுக்கு 'வராதே'ன்னு அர்த்தம். நாளைக்கு எவனாவது எனக்கு வேலை குடுக்கணும்னு நினைச்சா, உன் மேப்பைப் பார்த்துட்டு, 'எங்க தெரு சிவப்பும்மா, நீங்க வீட்டிலேயே இருந்துக்கோங்க'ம்பான். பாவம் பார்த்தே சாகடிச்சுருவீங்க."

"நான் பாவம் பார்க்கல."

"பயப்படுற. இது மேட்டோட கலர் இல்ல, உன் பயத்தோட கலர். அதோட ஏறறது வேற, இறங்கறது வேற. ஏழுல ஏறினா தோள் கழண்டு போகும், ஆனா நின்னு நின்னு போயிடலாம். ஏழுல இறங்கினா கை தீஞ்சு போகும், நடுவுல நிக்கவும் முடியாது. நீ ரெண்டுக்கும் ஒரே சாயத்தை அடிச்சு வச்சிருக்க."

பெரியவள் எழுந்து மாடிக்குப் போனாள். கதவைக் கொஞ்சம் ஓங்கியே சாத்தினாள். ஆனால் தங்கை சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் அவளை அதிகம் குடைந்தது.

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டாள். நிறங்களை மாற்றலாமா என்று மேலாளரிடம் கேட்டாள். அவர் கையை விரித்தார்.

"கலர் மட்டும் கை வைக்காதீங்க. சிக்னல் கலர்தான் சரி. பச்சைன்னா போ, சிவப்புன்னா நில்லு. பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் புரியும். வெள்ளிக்கிழமை நகராட்சிக்குக் காட்டணும், ஞாபகம் இருக்கில்ல?"

நிறத்தை விட்டுவிட்டு எண்களை மாற்றினாள். ஐந்துக்குக் கீழே பச்சை, எட்டுவரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. தையல்கடைத் தெரு மஞ்சளானது. அதோடு இன்னொன்றும் செய்தாள். அதுவரை ஏற்றமோ இறக்கமோ படத்துக்கு எல்லாம் ஒன்றுதான். இப்போது போகிற திசையைப் பார்த்துச் சரிவைக் கணக்கிடும்படி மாற்றினாள். ஏற்றம் என்றால் கூட்டல், இறக்கம் என்றால் கழித்தல். சந்தையிலிருந்து மேலே போகும் வழிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக வந்தது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் தங்கையின் போனில் அதைப் போட்டுக்கொடுத்தாள்.

"இப்போ பாரு. இது சோதனைக்குத்தான். நீ எங்க போறன்னு ஆபீஸ் ஸ்கிரீன்ல புள்ளியாத் தெரியும். பரவாயில்லல்ல?"

சின்னவள் இரண்டு மூன்று தெருக்களைத் தட்டிப் பார்த்தாள். "ம்... இது மேப்பு" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

ஒன்றை மட்டும் அவள் அக்காவிடம் சொல்லவில்லை. பிரதான சாலையில் இருக்கும் பெரிய அச்சகம் அவளை நேரில் வரச் சொல்லியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து செய்யும் துண்டு வேலை இல்லை. அலுவலகத்தில் மேசை, நாற்காலி, சக ஆட்கள் என்று முழுநேர வேலை. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

மறுநாள் காலை அக்கா கிளம்பிப் போனதும், நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு தலையைப் படிய வாரினாள். சக்கரம் தள்ளும்போது போடும் கையுறைகள் அழுக்கேறிக் கிடந்தன. அவற்றோடு போய் நிற்க மனமில்லாமல் மேசையிலேயே விட்டுவிட்டாள். படம் காட்டிய வழி குன்றின் முகடு வழியாகப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இறங்கி, பிரதான சாலையில் முடிந்தது. அந்தச் சந்தில் அவள் ஒருநாளும் போனதில்லை. படத்தில் அது பச்சையாக இருந்தது.

அலுவலகத்தில் பெரியவளுக்கு அடுத்த மேசையில் இருந்தவனைக் 'கணக்கு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நலமா என்று கேட்டால்கூட, "எண்பது சதவீதம்" என்று சொல்கிற ஆள். அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"மேடம், ஒரு சந்தேகம். தொட்டிச் சந்துல கீழேருந்து மேல போனா பதினொண்ணு. மேலேருந்து கீழ வந்தா?"

"அதுவும் பதினொண்ணுதான்."

"மைனஸ் பதினொண்ணு."

"சரி, மைனஸ் பதினொண்ணு. அதுக்கென்ன?"

"ஐந்துக்குக் கீழ இருந்தா பச்சைன்னு எழுதியிருக்கீங்க. மைனஸ் பதினொண்ணு ஐந்துக்குக் கீழதானே?"

பெரியவள் அவனையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். சந்தையிலிருந்து மேலே போகிற வழிகளை மட்டும்தான் அவள் சோதித்திருந்தாள். அவசரத்தில் ஒன்றைக்கூடத் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது திருப்பினாள். ஊரில் இருந்த இறக்கம் அத்தனையும், மலைச்சரிவு மாதிரி விழுகிற சந்துகள் உட்பட, புல்வெளியாகப் பச்சைப் பசேல் என்று விரிந்தது.

"ஐயோ" என்றாள்.

சுவரிலிருந்த பெரிய திரையில் சோதனைப் போன்கள் ஐந்து புள்ளிகளாகத் தெரிந்தன. நான்கு புள்ளிகள் அலுவலகத்திலேயே கிடந்தன. ஒன்று மட்டும் குன்றின் முகட்டில் நகர்ந்துகொண்டிருந்தது.

"அது யாரு?" என்றான் கணக்கு.

"என் தங்கச்சி."

புள்ளி தண்ணீர்த் தொட்டியை நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியவள் போனை எடுத்து அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டிருக்கும்போதே துண்டிக்கப்பட்டது.

"கட் பண்றா."

மறுபடி அழைத்தாள். மறுபடியும் துண்டித்தாள். மூன்றாம் முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. 'நில்லு. இறங்காதே. பச்சை தப்பு' என்று செய்தி அனுப்பினாள். எழுத்துகள் விரலுக்குச் சிக்காமல் நழுவின. செய்தி போனது, யாரும் படித்ததாகக் காட்டவில்லை. இதற்குள் கணக்கு அந்தக் கழித்தல் குறியைச் சரிசெய்துவிட்டிருந்தான். அவர்கள் திரையில் சந்து ரத்தச் சிவப்பாக மாறியது.

"அவ போன்லயும் மாறிடுச்சா?"

"மூடித் திறந்தாத்தான் மாறும் மேடம்."

புள்ளி சந்தின் தலைப்பில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. திரும்பிவிடுவாள் என்று பெரியவள் நினைத்தாள், வாய்விட்டே சொன்னாள், "திரும்புடி, திரும்பு." புள்ளி சந்துக்குள் நுழைந்தது.

கணக்கு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஏற்கனவே வாசலில் நின்றான்.

அக்காவின் பெயர் போனில் மின்னியபோது, சின்னவளுக்கு எரிச்சல்தான் வந்தது. புள்ளியைப் பார்த்திருப்பாள், எங்கே போகிறாய் என்று தொடங்கிவிடுவாள், வேலை விஷயமும் வெளியே வரும், சண்டையும் வரும். மூன்றாவது முறை கூப்பிடுவதற்குள் போனின் சத்தத்தை அடக்கித் தொடைக்கடியில் சொருகிக்கொண்டாள். வழிதான் தெரிந்துவிட்டதே.

சந்தின் தொடக்கம் படம் சொன்னபடிதான் இருந்தது. புது சிமெண்டுத் தளம், இரு பக்கமும் உயர்ந்த சுவர்கள், மெல்லிய சரிவு. சக்கரங்கள் தாமாகவே உருண்டன. கை ஓய்ந்த அந்தச் சுகத்தில், அச்சகத்தில் என்ன கேட்பார்கள், என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனாள். ஒரு மின்கம்பத்தின் அருகில் சந்து வளைந்தது. வளைவைத் தாண்டியதும் தரை அவளுக்குக் கீழே கவிழ்ந்தது.

கண்ணுக்கு நேரே, சந்தின் அடியில், பிரதான சாலை ஒரு கதவளவுக்குத் தெரிந்தது. அந்தக் கதவை அடைத்துக்கொண்டு ஒரு லாரி போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

இரண்டு கைகளாலும் சக்கர வளையங்களைப் பிடித்தாள். வேகம் குறையவில்லை. இறுக்கினாள். உள்ளங்கையில் தோல் வழுக்கி, பிறகு சூடேறி, பிறகு கிழிந்தது. பிரேக்கைப் போட்டால் நாற்காலி அப்படியே முன்னால் குப்புற விழும். கத்தினாள். என்ன கத்தினாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகமில்லை. ஆனால் அவள் கைகளுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது. வலது வளையத்தை விட்டுவிட்டு, இடது வளையத்தை மட்டும் பலம்கொண்ட மட்டும் பற்றினாள். நாற்காலி இடப்பக்கம் சுழன்று சுவரில் மோதியது. கால்வைக்கும் கம்பி நொறுங்கியது. முன்சக்கரம் ஒன்று சாக்கடைக்குள் இறங்க, நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்தது. விழப்போன கடைசி நொடியில் ஏதோ கைக்குச் சிக்கியது. ஒரு ஜன்னல் கம்பி.

ஜன்னலுக்கு உள்ளே ஒரு அம்மாள் ஈரத் துண்டைக் கம்பியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். திடீரென்று வெளியிலிருந்து நீண்ட ரத்தக் கையைப் பார்த்து ஒரு கணம் பின்வாங்கியவள், அடுத்த கணமே கம்பிகளுக்கிடையே இரண்டு கைகளையும் விட்டுச் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடாதீங்க!"

"நான் எங்க விடறேன்? நீ விட்டுடாத!"

நாற்காலி ஒவ்வொரு அசைவுக்கும் கீழ்நோக்கி நழுவப் பார்த்தது. அந்த அம்மாள் வீட்டில் தனியாக இருந்தாள். வாசல் பின்பக்கத் தெருவில் இருந்தது. கதவைத் திறக்கப் போனால் கையை விடவேண்டும். அதனால் இருந்த இடத்திலிருந்தே, "யாராவது வாங்களேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கீழே லாரிகளின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

"நீ ஏம்மா இந்தச் சந்துல இறங்கின? சைக்கிள்காரனே இறங்கித் தள்ளிக்கிட்டுப் போற இடம்."

"மேப்புல பச்சைன்னு போட்டிருந்துச்சு."

"எந்தக் கூறு கெட்டது போட்டது?"

"எங்க அக்கா."

அந்த அம்மாள் பிடியை மட்டும் இன்னும் இறுக்கினாள்.

ஸ்கூட்டர் பிரதான சாலையிலிருந்து வந்து சந்தின் அடியில் நின்றது. மேலே ஏறாது என்று பார்த்ததுமே தெரிந்தது. பெரியவள் குதித்து இறங்கி ஓடினாள். வளைவுக்குக் கீழே, சுவரோரமாக, பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நிற்க நாற்காலி தொங்குவதைப் பார்த்தாள். ஒரு ஜன்னலிலிருந்து இரண்டு கைகள் மட்டும் வெளியே நீண்டிருந்தன. செருப்பு ஒன்று கழன்று உருண்டது. நின்று எடுக்கவில்லை.

கிட்டத்தில் வந்ததும் நாற்காலிக்குக் கீழ்ப்பக்கம் போய், முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, குதிகாலைச் சிமெண்டில் ஊன்றினாள். மொத்தப் பாரமும் அவள் தோளில் இறங்கியது. பின்னால் வந்த கணக்கு மூச்சிரைக்கச் சாக்கடையிலிருந்து முன்சக்கரத்தைத் தூக்கினான்.

"குறுக்கால திருப்பு!" என்று கத்தினாள் சின்னவள். "கீழ பார்க்க வைக்காத! குறுக்கால!"

இருவருமாக நாற்காலியைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பிச் சுவரில் சாய்த்தார்கள். பிரேக்கைப் போட்டார்கள். ஒரு சக்கரத்துக்குக் கணக்கு தன் ஹெல்மெட்டை அண்டை கொடுத்தான்.

"இனிமே கையை விடலாம்மா" என்றான் ஜன்னலைப் பார்த்து.

"நீ யாரு சொல்றதுக்கு? அவ சொல்லட்டும்."

சின்னவள் இரண்டு முறை மூச்சை இழுத்துவிட்டாள். "விடுங்கம்மா" என்றாள். அப்போதுதான் அந்தக் கைகள் உள்ளே போயின.

பெரியவள் எழுந்து நின்றாள். பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது. "ஏண்டி போனைக் கட் பண்ண? எத்தனை தடவை கூப்பிட்டேன்! ஏன் கட் பண்ண?"

சின்னவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "நீ ஏன் பச்சை போட்ட?"

பெரியவளும் கணக்கும் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

எலும்பு எதுவும் முறியவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து போயிருந்தது. கட்டுப் போட்ட மருத்துவர், ஆறும்வரை சக்கரத்தைத் தொடக்கூடாது என்றார். சின்னவள் அப்போதுதான் வேலை விஷயத்தைச் சொன்னாள். அச்சகத்துக்குக் கணக்குதான் போன் செய்து சொன்னான். குணமானதும் வரட்டும், இடம் காத்திருக்கும் என்றார்கள்.

வீட்டில் சின்னவளை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு யாராவது தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்தது. முகம் கழுவ, சோறு வாயில் போட, புத்தகத்தில் பக்கம் புரட்ட எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. பெரியவளின் கணவர்தான் அதிகம் செய்தார். அவர் பேசாமல் செய்வார். பெரியவள் வந்தால் அறையில் காற்று கனத்துவிடும்.

விபத்து நடந்த அன்று சாயங்காலமே பெரியவள் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். "நான் இந்த வேலையை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடறேன். இல்லாட்டி பழையபடி எல்லாத்தையும் சிவப்பாக்கிடறேன். யாரும் எங்கயும் போக வேண்டாம்."

"அப்படிச் செஞ்சா நான் உன்னோட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்."

"பின்ன என்னதான்டி செய்யச் சொல்ற?"

"தப்பை ஒத்துக்கிட்டு ஓடிப்போறது சுலபம். உக்காந்து சரி பண்ணு. நாளைக்கு என்னையும் உன் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போ."

மேலாளர் சக்கர நாற்காலியையும் கட்டுப்போட்ட கைகளையும் பார்த்து எழுந்து நின்றார். பெரியவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். எந்தக் குறியை எங்கே விட்டாள், எதைச் சோதிக்காமல் விட்டாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"குறியை மாத்தியாச்சுல்ல? அப்போ வெள்ளிக்கிழமை குடுத்துடலாம்."

"கலரையும் மாத்தணும் சார்."

"மறுபடியுமா! சிக்னல் கலர் எல்லாருக்கும் தெரியும்னு எத்தனை தடவை..."

"எனக்குத் தெரியாது சார்" என்றான் கணக்கு.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் காது சிவந்திருந்தது. "எனக்குப் பச்சையும் சிவப்பும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் தெரியும். பிறந்ததுலேருந்து. மேடம் மேப்புல எல்லாரும் கலரைப் பார்த்தாங்க. நான் எண்ணைப் பார்த்தேன். அதனாலதான் மைனஸ் கண்ணுல பட்டுச்சு."

"மேப் போடற கம்பெனில இருந்துகிட்டு இத்தனை வருஷமா சொல்லலையேய்யா!"

"சொன்னா வேலை குடுத்திருப்பீங்களா?"

மேலாளர் தழைந்த குரலில், "வெள்ளிக்கிழமைக்கு என்ன பதில் சொல்றது நான்? அவங்க தேதி குறிச்சாச்சு. தள்ளிப்போட்டா வேற கம்பெனிக்குப் போயிடும்" என்றார்.

"போகட்டும் சார்" என்றாள் பெரியவள். "இப்போ இருக்கறது என் பேர்ல வெளிய வரக்கூடாது. நேத்து இவ கை போச்சு. ஜன்னல் இல்லாத இடமா இருந்திருந்தா, ஆளே போயிருப்பா. எனக்கு வேலை போனாலும் சரி."

பெரியவளின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. மேலாளர் சின்னவளைப் பார்த்தார். "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"ஏறறதா இறங்கறதான்னு பார்த்ததும் தெரியணும் சார். ஏத்தத்துக்கு ஒரு நிறம், இறக்கத்துக்கு வேற நிறம். எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு அழுத்தமா. போகலாமா வேண்டாமான்னு மேப் எனக்குச் சொல்லக்கூடாது. எப்படியிருக்குன்னு சொன்னா போதும், முடிவை நான் பார்த்துக்கறேன்."

மேலாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் குறுக்கும் நெடுக்குமாக நடப்பதும், தலையாட்டுவதும், யாரிடமோ கெஞ்சுவதுமாகத் தெரிந்தது. திரும்பி வந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. "ஒரு மாசம் குடுத்திருக்காங்க. திட்டு வாங்கினது நான். சீக்கிரம் ஆரம்பிங்க."

அன்றைக்கே ஆரம்பித்தார்கள். இறக்கத்துக்கு நீலம் என்றாள் சின்னவள். ஏற்கனவே ஆறும் குளமும் நீலமாக இருப்பதால், தெருவைக் கால்வாய் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார் மேலாளர். அது நியாயம்தான். ஊதாவை எடுத்தார்கள். ஏற்றத்துக்குப் பழுப்பு வைத்துப் பார்த்தார்கள். அறைக்குள் எல்லாம் அழகாக இருந்தது. போனை மொட்டைமாடி வெயிலுக்குக் கொண்டுபோனதும் வெளிறிய ஊதாவும் வெளிறிய பழுப்பும் ஒரே சாம்பலாகிவிட்டன. பழுப்பை விட்டு ஆரஞ்சுக்குப் போனார்கள். ஏழெட்டு அடுக்கு வைத்தால் வெயிலில் பிரித்தறிய முடியாது என்று மூன்றாகக் குறைத்தார்கள். சமதளத்தை வெள்ளையாகவே விட்டார்கள். பச்சை எங்கேயும் கிடையாது. ஒவ்வொன்றையும் கணக்கிடம் நீட்டி, "இது ஏத்தமா இறக்கமா?" என்று கேட்டார்கள். அவன் தடுமாறிய இடமெல்லாம் மாற்றினார்கள். தடுமாறாத ஒரு நாள் வந்தது. ஒவ்வொரு தெருவையும் இரண்டு திசையிலும் பெரியவளே போட்டுப் பார்த்தாள். பார்த்ததை மறுபடி பார்த்தாள். தன் பலத்துக்குத் தாங்கும் அளவை அவரவரே வைத்துக்கொள்ளவும், அதைத் தாண்டினால் போன் அதிரவும் வழி செய்தார்கள்.

கட்டு அவிழ்த்து, புதுத்தோல் முற்றியதும், அச்சகத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை சின்னவள் அக்காவிடம் சொன்னாள். "வேணும்னா கூட வா. ஆனா வாயைத் திறக்கக்கூடாது."

கையுறைகளைத் துவைத்துப் போட்டிருந்தாள். முகட்டு வழியாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியருகில் நின்றார்கள். திரையில் தொட்டிச் சந்து அழுத்தமான ஊதாவில் கிடந்தது. சின்னவள் சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். வளைவிலிருந்த மின்கம்பம் தெரிந்தது. அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பெரியவள் வாயைத் திறக்கவில்லை.

"வேண்டாம்" என்றாள் சின்னவள். "சுத்திப் போவோம்."

சுற்றுவழி முதலில் வெளிர் ஊதாவாக நீளமாக இறங்கி, கடைசியில் அச்சகத்தின் பின்பக்கம் குட்டையான ஆரஞ்சு மேடாக ஏறியது. படம் அதை ஒளிக்கவில்லை, அழுத்தமான ஆரஞ்சு. சின்னவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறத் தொடங்கினாள். இரண்டு தள்ளு, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு தள்ளு. ஒரு மாதம் சும்மா இருந்த தோள்கள். கழுத்து நரம்பு புடைத்தது. பின்னால் நடந்த பெரியவள் இரண்டு கைகளையும் தோள்பைக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். பைக்குள் விரல்கள் எதையோ கசக்கிக்கொண்டிருந்தன.

மேட்டின் முக்கால் பங்கில் நாற்காலி நின்றது. பின்னால் ஒரு விரற்கடை நகர்ந்தது. சின்னவள் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா."

"சொல்லு."

"கொஞ்சம் தள்ளு. நான் சொன்னதும் விட்டுடணும்."

பெரியவள் பைக்குள்ளிருந்து கைகளை எடுத்துப் பிடியில் வைத்துத் தள்ளினாள். நாற்காலி அசைந்து, நகர்ந்து, ஏறியது. அச்சகத்தின் திறந்த கதவும் உள்ளே ஓடும் இயந்திரத்தின் சத்தமும் கிட்டே வந்தன. கதவருகில் யாரோ இவர்களைப் பார்த்து எழுந்து நின்றார்கள்.

"விடு" என்றாள் சின்னவள்.

மேடு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. பெரியவள் விட்டாள்.